ஓப்பன் ஹவுஸும் ஒரு சீசா நல்லெண்ணெயும்

தீபாவளி என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது விளக்கும் இல்லை, வெடியும் இல்லை. சிமென்ட் தரையில் யாரோ சிந்திய ரோஸ் சிரப் காய்ந்துபோய், நடக்கும்போதெல்லாம் உள்ளங்காலைப் பிடித்துப் பிடித்து விடுகிற அந்தப் பிசுபிசுப்புதான். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றித் துடைத்தாலும் மறுநாள் வரை போகாது. சிந்தியவர் யார் என்று கேட்கவும் முடியாது, ஏனென்றால் அன்று எங்கள் வீடு 'ஓப்பன் ஹவுஸ்'.

அந்த 'ஓப்பன்' என்ற சொல்லின் மேல் எனக்குச் சின்ன வயதிலேயே ஒரு கடுப்பு உண்டு. எங்கள் ஊர்த் தமிழில் அது நுழையாத இடமே கிடையாது. விளக்கைப் போடு என்று யாரும் சொல்வதில்லை, 'லைட்ட ஓப்பன் பண்ணு' என்பார்கள். காற்றாடியும் ஓப்பன், டிவியும் ஓப்பன். பல் டாக்டர் வாயை ஓப்பன் பண்ணச் சொல்வார், வங்கியில் கணக்கை ஓப்பன் பண்ணுவார்கள். மூலைக் கடை திறந்திருக்கிறதா என்று பார்த்துவர அம்மா அனுப்பினால், திரும்பி வந்து 'ஓப்பன் இல்லம்மா' என்பேன். மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடும் எதிர்வீட்டு ஆன்டியை 'அவங்க ரொம்ப ஓப்பன் லா' என்று சிலர் புகழ்ந்தார்கள், சிலர் அதே வார்த்தையைச் சொல்லி முகத்தைச் சுளித்தார்கள். பள்ளியில் ஆங்கில டீச்சர் ஒருநாள் கரும்பலகை நிறைய அந்தச் சொல்லை வைத்தே மரபுத்தொடர்களை எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொன்னார். ஓப்பன் புக் என்றால் ஒளிவுமறைவு இல்லாத ஆள், ஓப்பன் சீக்ரெட் என்றால் ஊருக்கே தெரிந்த ரகசியம், ஓப்பன் கொஸ்டின் என்றால் முடிவு தெரியாத கேள்வி. ஓப்பன் ஹவுஸ் மட்டும் பலகையில் இல்லை. நான் கையைத் தூக்கிக் கேட்டேன். "பெருநாள் அன்னைக்கு எல்லாரையும் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போடறது. அது நம்ம நாட்டுக்கே உள்ள பெருமை" என்றார் டீச்சர். யார் சமைப்பது என்று கேட்க எனக்கு அப்போது தைரியம் வரவில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸ் வீடு ஒன்றில் நாங்கள் இருந்தோம். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே அவர் ஆரம்பித்துவிடுவார். வேலையிடத்து மலாய்க்கார நண்பர்கள், சீனக் கிளார்க், முடிவெட்டுபவர், பாசாரில் மீன் விற்பவர், பஸ் நிறுத்தத்தில் பார்த்துப் பழகியவர் என்று ஒருவரையும் விடமாட்டார். "நம்ம வீடு ஓப்பன் ஹவுஸ் லா. டைம்லாம் கெடையாது, எப்ப வேணும்னாலும் வாங்க" என்பதுதான் அவருடைய அழைப்பு. நேரம் குறித்து விருந்தாளியைக் கூப்பிடுவது அவருக்கு அவமானம். கதவைச் சாத்துவது அதைவிடப் பெரிய அவமானம். கடைசி விருந்தாளி போகிறவரை முன்கதவும் இரும்புக் கிரில்லும் விரியத் திறந்தே கிடக்க வேண்டும், வீட்டு ஆட்கள் யாரும் வெளியே போகக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். அந்தச் சட்டத்தில் சமைக்கிறவர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

அம்மாவுக்கு உடன்பிறந்தவர் என்று இருந்தது ஒரே தம்பி, செல்வம் மாமா. தாய் தகப்பன் போன பிறகு அவரைத் தூக்கி வளர்த்தவளே அம்மாதான். போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டிக்கொண்டிருந்தவர் ஒரு விபத்தில் ஒரு கால் மடக்க முடியாமல் போய், கட்டையை ஊன்றிக்கொண்டு நடந்தார், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, கிள்ளானில் ஒரு கடைக்குப் பின்னால் வாடகை அறையில் தனியாக இருந்தார். எங்கள் வீட்டுக்கு வரச்சொன்னால் வரமாட்டார். அத்தனை பேர் முன்னால் காலை நீட்டிக்கொண்டு மூலையில் உட்கார அவருக்குக் கூச்சம்.

தீபாவளியன்று பெரியவர்கள் தலையில் எண்ணெய் வைத்த பிறகுதான் குளிக்க வேண்டும் என்பது நம் வழக்கம். மாமா அதை ஒரு பிடிவாதமாகவே வைத்திருந்தார். "அக்கா கைபடாம தலைக்கு ஊத்த மாட்டேன்" என்பார். சன்னல் ஓரத்தில் ஒரு சீசா நல்லெண்ணெயை எடுத்துவைத்துவிட்டு, புதுச்சட்டையைப் பிரிக்காமல், குளிக்காமல், சாப்பிடாமல் காத்திருப்பார். அது அம்மாவுக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும்.

"பன்னெண்டு மணிக்கெல்லாம் கெளம்பிடலாம்" என்று அப்பா ஒவ்வொரு வருடமும் சொல்வார். அம்மா விடியுமுன்னே எழுந்து இட்லி, ஆட்டுக்கறி, கோழி எல்லாம் முடித்து, மாமாவுக்கென்று தனியாக டிபன் கேரியரில் அடுக்கி அலமாரியின் மேல் வைத்துவிடுவாள். பன்னிரண்டு மணிக்கு ஒரு கூட்டம் எழுந்திருக்கும். அதே வாசலில் அடுத்த கூட்டம் செருப்பைக் கழற்றும். என் வேலை சிரப் ஊற்றுவது. ஒவ்வொரு கோப்பையை ஊற்றும்போதும் என் கண் அலமாரியின் மேலேயே இருக்கும். சாயங்காலம் ஆகும், விளக்கு வைப்பார்கள், இருட்டும். "சரி விடு, நாளைக்குப் போய்க்கலாம்" என்பார் அப்பா, சாதாரணமாக. மறுநாள் நாங்கள் போகும்போது மாமா எண்ணெய்ச் சீசாவோடு உட்கார்ந்திருப்பார். ஒரு வார்த்தை கோபமாகப் பேசமாட்டார். அதுதான் எனக்குத் தாங்காது. ஊரில் உள்ளவனெல்லாம் நினைத்த நேரத்தில் வந்து சாப்பிட்டுப் போகிற வீட்டில், சொந்தத் தம்பிக்கு ஒரு பிடி சோறு நேரத்துக்குப் போகவில்லை என்றால் அது என்ன வீடு, என்ன பெருமை?

எனக்குப் பத்துப் பதினொரு வயதிருக்கும். அந்த வருடம் அம்மா நேரத்தோடு புடவை மாற்றிக்கொண்டு, டிபன் கேரியரையும் கையில் எடுத்துவிட்டாள். கூடத்தில் ஏற்கெனவே ஆட்கள் நிறைந்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து அப்பாவின் மேலதிகாரி குடும்பத்தோடு வந்து இறங்கினார். அப்பா அடுக்களைக்கு ஓடிவந்தார்.

"இன்னும் ஒரு அரை மணி நேரம்தான். பெரிய பாஸ் வந்திருக்காரு, நீ இல்லன்னா நல்லாவா இருக்கும்?"

அம்மா தட்டுகளைக் கொண்டுவந்து எல்லோருக்கும் வைத்தாள், கறியை ஊற்றினாள், சிரித்த முகமாக "நல்லா சாப்பிடுங்க, அடுப்புல இன்னும் இருக்கு, வேணும்னா அவரு போட்டுக் குடுப்பாரு" என்று அப்பாவைக் காட்டினாள். பிறகு வாசலுக்குப் போனாள். அங்கே விருந்தாளிகளின் சப்பாத்தும் செருப்பும் மலையாகக் கிடந்தன. அம்மா குனிந்து, ஒவ்வொன்றாக நகர்த்தி, அடியில் நசுங்கிக் கிடந்த தன் செருப்பைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டாள். "வாடி" என்றாள் என்னைப் பார்த்து. நான் சிரப் ஜாடியைப் பக்கத்தில் இருந்த அங்கிளின் கையிலேயே கொடுத்துவிட்டு ஓடினேன்.

"எங்க போற? வீட்ல ஆளுங்க இருக்காங்க" என்று அப்பா பின்னால் வந்தார்.

"வர்றவங்களுக்கு மட்டுமா கதவத் தொறந்து வெச்சிருக்கீங்க?" என்றாள் அம்மா. குரலை உயர்த்தவே இல்லை.

கிள்ளான் பஸ்ஸில் அவள் டிபன் கேரியரை மடியில் அணைத்தபடி வந்தாள். மாமா எங்களைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்து, கட்டை நழுவி மறுபடி உட்கார்ந்துவிட்டார். அம்மா அவர் தலையில் எண்ணெயை வைத்துத் தேய்க்கத் தேய்க்க, நடுவயதுக்காரரான மாமா குழந்தை மாதிரி கண்ணை மூடிக்கொண்டார். அவருக்கு எண்ணெய் கண்ணில் இறங்கிவிட்டது என்று நான் நினைத்தேன். அன்றைக்குக் குளித்துவிட்டு வந்து அவர் சாப்பிட்டதுபோல், என் வாழ்நாளில் வேறு யாரும் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

அப்பா ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். ஆனால் அடுத்த வருடத்திலிருந்து பன்னிரண்டு மணியானால் அம்மா செருப்பைத் தேடுவாள், அப்பா கரண்டியைக் கையில் எடுத்துக்கொள்வார். அவருக்குச் சோறு போடக்கூடத் தெரியாது, கறியில் பாதி தரையில்தான் இருக்கும். எனக்கு அதைப் பார்க்க மகா சந்தோஷம்.

இப்போது அந்தக் குவார்ட்டர்ஸ் இல்லை. அந்தப் பக்கம் போனால் அண்ணாந்து பார்க்கும் கட்டடங்கள்தான் நிற்கின்றன. எங்கள் வாசல் எந்த இடத்தில் இருந்தது என்று எனக்கே அடையாளம் சொல்லத் தெரியவில்லை. அப்பாவும் போய்விட்டார். அம்மா என்னோடு ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு கொண்டோ அடுக்குமாடியில் இருக்கிறாள். வருடாவருடம் தீபாவளியன்று நான்தான் அவளைக் கிள்ளானுக்குக் காரில் கூட்டிப்போவேன்.

போன தீபாவளிக்கு எங்கள் குடியிருப்புக் கமிட்டி ஓப்பன் ஹவுஸ் வைத்தது. வீட்டில் இல்லை, கீழே மண்டபத்தில். பதினொரு மணி முதல் இரண்டு மணி வரை என்று நேரம் போட்டு, பெயரை முன்கூட்டியே பதிந்துகொள்ளச் சொல்லி, சாப்பாட்டை வெளியில் ஆர்டர் கொடுத்து நடத்தினார்கள். இதற்கும் ஓப்பன் என்றுதான் பெயர். அம்மாவுக்கு முட்டி வலி, மாமாவிடம் போனிலும் சொல்லியிருந்தாள். சாப்பிட்டு முடித்ததும் கிளம்பலாம் என்று சொல்லி அவளை மண்டபத்தில் உட்காரவைத்தேன். ஒலிபெருக்கியில் பாட்டு காதைக் கிழித்தது. கிளம்பலாம் என்று எழுந்தால் யாராவது பிடித்துப் படம் எடுக்க நிறுத்தினார்கள். அம்மா இரண்டு முறை என் கையைத் தொட்டாள். "இதோம்மா, கொஞ்ச நேரம்" என்றேன்.

ஒருவழியாக டிபன் கேரியரையும் எடுத்துக்கொண்டு இருவரும் லாபிக்கு வந்தபோது காவலாளி ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினார். ஒரு வயதான அங்கிள் வந்தார், கட்டை வைத்திருந்தார், வீட்டுக்கு இன்டர்காமில் அடித்துப் பார்த்தேன், யாரும் எடுக்கவில்லை, விருந்தாளிகளைப் பதிகிற போன் ஆப்பில் அவர் பெயர் இல்லை, அதனால் உள்ளே விட முடியவில்லை என்று மலாயில் சொன்னார். அவரைக் காரில் கூட்டிவந்த பையனுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டதாம், ரொம்ப நேரம் காத்திருந்துவிட்டு இருவரும் போய்விட்டார்களாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மனிதரிடம் கத்திவிட்டேன். அவர் என்ன செய்வார் பாவம், அவருக்குச் சொல்லிவைத்தது அதுதான்.

அத்தனை வருடம் கூச்சப்பட்டு ஒரு தீபாவளிக்குக்கூட வராத மாமா, அக்காவால் இனி அலைய முடியாது என்று தானே கிளம்பி வந்திருக்கிறார். அம்மா பையைப் பிரித்தாள். கொஞ்சம் முறுக்கு இருந்தது. முறுக்குக்கு அடியில், தாளில் சுற்றி, ஒரு சீசா நல்லெண்ணெய்.

"அவன் இன்னும் குளிச்சிருக்க மாட்டான்டி" என்றாள் அம்மா.

சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்து லாபியின் கண்ணாடிக் கதவைத் தள்ளினாள். அது அசையவில்லை. மறுபடி தள்ளிப் பார்த்தாள். பிறகு ஒரு கையில் டிபன் கேரியரும் மறுகையில் எண்ணெய்ச் சீசாவுமாக, காலில் செருப்போடு, நான் வந்து கதவோரக் கருவியில் அட்டையை வைத்துத் திறந்துவிடும்வரை அங்கேயே நின்றாள்.