இரு தரப்பிலும் தவறு

மோதியபோது எங்கள் வண்டியில் இருந்தது அண்ணனும் நானும். எதிர் வண்டியில் அதன் டிரைவர் மட்டும். அவருடைய முதலாளி இல்லை. போலீஸ் இல்லை. அந்த டிரைவர் முந்தப் பார்த்த கரும்பு மாட்டுவண்டிக்காரரோ, மிரண்டு ஓடிய மாடுகளோடு போனவர் திரும்பி வரவே இல்லை. அப்பா அந்நேரம் விழுப்புரத்தில் மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை சுமந்துகொண்டிருந்தார்.

கூட்டேரிப்பட்டு தாண்டி, காலை ஒன்பது மணி இருக்கும். திண்டிவனத்தில் ஒரு குமாஸ்தா வேலைக்கு மனுக் கொடுக்க நான் போக வேண்டியிருந்தது. சவாரி இல்லாத நாள் என்பதால், "வா, நானே வுட்டுட்டு வர்றேன்" என்று அண்ணன் கூட்டிப்போனான். அம்மாவின் அரைக்காணி நிலத்தை விற்று மூன்றாம் கையாக வாங்கிய வாடகைக் கார் அது. அப்பா மூட்டை தூக்குவதை எப்போது நிறுத்தலாம் என்பதே அந்தக் கார் ஓடுவதைப் பொறுத்திருந்தது.

அண்ணன் காரை ரோட்டோர மண்ணில் இறக்கியும் எதிர் வண்டி எங்கள் வலது மட்கார்டை நசுக்கிக்கொண்டு வந்து நின்றது. ரேடியேட்டர் பிளந்து தண்ணீர் கொட்டியது. யாருக்கும் அடியில்லை. அவர்கள் வண்டியில் ஒரு விளக்கு மட்டும் உடைந்திருந்தது.

டிரைவருக்கு ஐம்பது வயதிருக்கும். இறங்கியதும் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தப்பு என்னுதுதான் தம்பி. போலீசுக்கு மட்டும் போவாதீங்க. கேசுன்னு காதுல வுழுந்தா மொதலாளி அன்னிக்கே சாவிய புடுங்கிக்குவாரு. நாலு பொட்டப் புள்ளைங்க எனக்கு."

"அதுக்கு எதிர்ல வர்றவன் மேல ஏறுவீங்களா? கண்ண வூட்டுல வச்சிட்டு வந்தீங்களா?" என்று கத்திய அண்ணன், அவர் அழ ஆரம்பித்ததும் என்னைப் பார்த்தான். "என்னடா பண்றது? நீதான படிச்சவன், சொல்லு."

அந்தக் கேள்விக்காகவே எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்ததுபோல் எனக்கு இருந்தது. சமாதானமாகப் போவதாக ராஜி எழுதிவிடலாம் என்றேன்.

எங்கள் ஊரில் வரப்புத் தகராறோ, மாடு மேய்ந்த வழக்கோ, பேசி முடித்ததும் ஒரு காகிதம் எழுதுவார்கள். எங்கள் தெருவில் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன் என்பதால், பதினைந்து வயதிலிருந்து அது என் வேலை. அதில் மாறாத வாசகம் ஒன்று உண்டு: 'இரு தரப்பிலும் தவறு இருக்கிறபடியால், இனி ஒருவர்மீது ஒருவருக்கு யாதொரு வழக்கும் இல்லை.' தவறு யாருடையது என்று ஊருக்கே தெரிந்திருந்தாலும் இப்படித்தான் எழுதுவோம். ஒருவர் மட்டும் தலைகுனிந்து போகும்படி எழுதினால் அந்த ராஜி நிற்காது.

மனுவுக்காக வைத்திருந்த வெள்ளைத்தாளில் அதையே எழுதினேன். இரண்டு பிரதிகள். இருவரும் இரண்டிலும் கையெழுத்துப் போட்டார்கள். "ரிப்பேருக்கு இன்சூரன்ஸ் இருக்குதுண்ணா" என்று அண்ணனுக்குத் தைரியமும் சொன்னேன்.

மறுநாள் திண்டிவனத்தில் இன்சூரன்ஸ் ஏஜெண்டின் எதிரில் உட்கார்ந்தேன். படிவத்தை இங்கிலீஷில் நானே நிரப்பி, எதையும் மறைக்கக் கூடாது என்று ராஜிக் காகிதத்தையும் சேர்த்து ஊசி குத்தியிருந்தேன். அவர் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"கையெழுத்து முத்து முத்தா இருக்குதே. யாருது?"

"என்னுதுங்க."

"தப்பு யாருது?"

"அவருதுங்க."

"காயிதத்துல ரெண்டு பேருதும்னு இருக்குதே? வழக்கு இல்லைன்னு வேற எழுதியிருக்குற. இனிமே அந்த மொதலாளிகிட்ட கம்பெனி ஒத்த ரூபா கேக்க முடியுமா? கம்பெனியக் கேக்காம தப்ப ஒத்துக்கக் கூடாது, ராஜி பண்ணக் கூடாதுன்னு பாலிசி பின்னால அச்சடிச்சிருக்குது. படிக்கல?"

முன்பக்கத்தை அகராதி வைத்துக்கொண்டு படித்திருந்தேன். பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் பார்த்து மூடிவிட்டேன்.

"ஒண்ணு பண்ணு. அந்த டிரைவரு மிரட்டி எழுதி வாங்கிட்டான்னு உங்கண்ணன்கிட்ட ஒரு கடுதாசி வாங்கியா. மெட்ராசுக்கு அனுப்பிப் பாக்கறேன்."

பஸ்ஸிலேயே மனதுக்குள் எழுத ஆரம்பித்தேன். வீட்டுக்கு வந்ததும் எழுதி முடித்தேன். அண்ணனிடம் நீட்டத்தான் நான்கு நாள் துணிவு வரவில்லை. கார் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. அப்பா வழக்கம்போல் மண்டிக்குப் போய்வந்தார்.

ஐந்தாம் நாள் அந்த டிரைவரே வந்தார், முதலாளி கொடுத்த சீட்டோடு. என் காகிதத்தைக் காட்டித்தான் அவர் வேலையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். தவறு இரு தரப்பிலும் என்று நாங்களே எழுதியிருப்பதால், உடைந்த விளக்கில் பாதியை நாங்கள் தர வேண்டுமாம்.

"ஏங்க, இடிக்கவும் இடிச்சிட்டு வசூலுக்கும் வந்துட்டீங்களா? சரியான ஆளுங்க நீங்க!" என்றான் அண்ணன்.

"எனக்கு மட்டும் வெக்கமா இல்லையா தம்பி? குடுக்கலன்னா எஞ்சம்பளத்துல புடிச்சிக்குவாரு. உங்க வண்டிக்கு எதனா செய்யணும்னு மனசு இருக்குது. மனசுதான் இருக்குது."

அண்ணன் பணத்தைக் கொடுத்தனுப்பினான். என்னால் தாங்க முடியவில்லை. கடிதத்தை எடுத்து நீட்டினேன். வாசிக்கச் சொன்னான். வாசித்தேன். மறுபடி வாசிக்கச் சொன்னான்.

"மிரட்டினாருன்னு எழுதி வச்சிருக்குறியா?"

"இல்லன்னா பணம் வராதுண்ணா."

"அவரு அழுதாருடா."

"தெரியும்."

"இது கம்பெனிக்குப் போச்சுன்னா அவருக்கு என்ன ஆவும்?"

கம்பெனி போலீசுக்கு எழுதும், அவர் வேலை போகும் என்றேன். அண்ணன் கடிதத்தை வாங்கி நாலாக மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்தான்.

"நீ எழுதினதுக்குக் கீழ நான் ஒரு தபா கையெழுத்துப் போட்டது போதும். ஆள வுடு."

திட்டியிருக்கலாம். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அந்தக் கடிதம் இல்லாமலேயே படிவத்தை ஏஜெண்ட் மெட்ராசுக்கு அனுப்பினார். அதற்குப் பிறகு பதினெட்டு நாள், தபால்காரரின் சைக்கிள் எங்கள் தெருவில் திரும்பும்போதெல்லாம் வாசலுக்கு ஓடினேன். பத்தொன்பதாம் நாள் வந்த கம்பெனிக் கடிதத்தில் மூன்றே வரிகள். நானே வாசித்து, நானே தமிழில் அப்பாவுக்குச் சொன்னேன். பணம் கிடையாது என்பதைத் தமிழில் சொல்ல மூன்று வரிகூடத் தேவைப்படவில்லை. "சரி, அடமானத்துக்கு உங்கம்மா கம்மல எடுத்துக்கினு வா" என்றார் அப்பா. மண்டிக்குப் போவதை அவர் நிறுத்த இன்னும் இரண்டு வருடம் ஆயிற்று.

ஒர்க்‌ஷாப்புக்கு முந்நூற்று எண்பது, முதலாளியின் விளக்குக்குப் பதினெட்டரை, நான் திண்டிவனத்துக்கு அலைந்த வகையில் ஒன்பது: ஆக, நான் எழுதிய அந்த ஒரு வாசகத்தின் விலை நானூற்று ஏழரை ரூபாய்.