பிள்ளையார்குப்பம் போவுமா?

போன வருஷம் ஆனி மாதம் அது. பாகூரில் எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி ஒரு சின்னப் பூங்கா இருக்கிறது. அத்தனை வருஷமாக எட்டிக்கூடப் பார்க்காத நான், அன்றைக்கு அதற்குள் போனதே யாரும் என் வாயைப் பார்க்காத ஓர் இடம் வேண்டும் என்றுதான்.

நான் தனியார் பஸ் கண்டக்டர். புதுச்சேரி பாகூர் ரூட்டு. "அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், பிள்ளையார்குப்பம், ஏறு ஏறு ஏறு" என்று நான் ஒரு குரல் விட்டால், பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடிவருவார்கள். அப்பேர்ப்பட்ட தொண்டை. சித்திரையில் ஒரு நாள் காலை பல் விளக்கும்போது வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள், கையும் காலும்கூடத் திரும்பிவிட்டன. பேச்சு மட்டும் வரவில்லை. மனசுக்குள் வார்த்தை பளிச்சென்று இருக்கும், வாய் திறந்தால் வேறு எதுவோ வரும். தலையணை வேண்டும் என்று நினைத்துக் 'கத்தரிக்கா' என்பேன்.

பஸ் ஓனர் நல்ல மனுஷன். "ஆடி முடியற வரைக்கும் வேற ஆளு போடாம சமாளிக்கிறேன்பா. அதுக்குள்ள ஸ்டாப்பிங் பேரைச் சொல்லிக் காட்டிட்டு வந்து பையை மாட்டிக்க" என்றார். அதற்கு மேல் அவரும் என்ன செய்வார்? ஊமைக் கண்டக்டரை வைத்து யாரும் பஸ் ஓட்ட முடியாதே.

பேச்சுப் பயிற்சி கொடுத்த டாக்டரம்மா தினமும் வாய்விட்டுச் சொல்லிப் பழகச் சொன்னார். வீட்டில் எங்கே பழகுவது? நான் 'த' என்று ஆரம்பித்தால் போதும், என் மனைவி "தண்ணியா? தட்டா? தைலம் தேச்சி வுடவா?" என்று அடுக்குவாள். பாசம்தான், பாவம். ஆனால் ஒரு நாள் எனக்கு வந்த ஆத்திரத்தில் டம்ளரைத் தூக்கிச் சுவரில் அடித்துவிட்டேன். அவள் அழுதாள். நானும் அழுதேன். மறுநாள் காலைதான் அந்தப் பூங்காவுக்குப் போனேன்.

அந்தக் காலத்தில் கப்பலேறி வந்த ஒரு வெள்ளைக்காரக் கிறிஸ்தவச் சாமியார் ஞாபகமாக வைத்த பூங்கா அது. நடுவில் ஒரு வேப்பமரம், அதன் கீழே இரண்டு சிமெண்டுச் சிலைகள். பொதுவாகச் சாமியார் நின்றுகொண்டிருப்பார், ஜனங்கள் கீழே உட்கார்ந்திருப்பார்கள் இல்லையா? இங்கே தலைகீழ். தாடி வைத்த சாமியார் அங்கியோடு தரையில் குந்தி, மணலில் விரலால் 'அ' எழுதுகிறார். எதிரே, கோயிலில் வேதம் சொல்லிக்கொடுக்கும் உள்ளூர் உபதேசியார் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். வந்து இறங்கியபோது சாமியாருக்கு ஒரு வார்த்தை தமிழ் தெரியாது, இந்த உபதேசியார்தான் மணலில் எழுத வைத்துப் பழக்கினார் என்று பக்கத்தில் பலகை.

அட, நமக்கு ஒரு கூட்டாளி கிடைத்தான் என்று எதிரே உட்கார்ந்து ஆரம்பித்தேன். அரியாங்குப்பம் 'அரிசி' ஆனது. தவளக்குப்பம் 'தக்காளி' ஆனது. பிள்ளையார்குப்பத்துக்கு உதடு ஒட்டிக்கொண்டு காற்றுதான் வந்தது.

"இன்னா கண்டக்டரே, பிள்ளையார்குப்பம் போவுமா?"

தூக்கிவாரிப் போட்டது. கடைத்தெருவில் பேன்சி ஸ்டோர் வைத்திருக்கும் முஸ்லிம் அக்கா. சரக்கு எடுக்க என் பஸ்ஸில்தான் புதுச்சேரி போய்வருவார். சர்க்கரைக்காகக் காலையில் அங்கே நடப்பார்போல. 'போவும்' என்று சொல்ல வாயெடுத்தேன். "சோறு" என்று வந்தது.

"சோறு வூட்ல கீது. பஸ்ஸு போவுமா, போவாதா? அத்த சொல்லு."

எனக்கு மானம் போய்விட்டது. விறுவிறுவென்று வெளியே வந்துவிட்டேன். இரவெல்லாம் அந்த அம்மாவை மனசுக்குள் திட்டினேன். மறுநாள் என்னைத் திரும்ப இழுத்துப்போனதும் அந்தக் கோபம்தான். இன்றைக்குச் சொல்லாமல் வீட்டுக்கு வரக் கூடாது என்று சபதம் எடுத்துக்கொண்டு போனேன்.

அதே கேள்வியைக் கேட்டுவிட்டு அக்கா சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நான் திணறினேன். வேர்த்துக் கொட்டியது. கொசு கடித்தது. அவர் முந்தானையால் விசிறிக்கொண்டு சும்மா இருந்தார். எடுத்துக் கொடுக்கவில்லை, 'பாவம்' என்று உச்சுக் கொட்டவும் இல்லை.

"போ... போ... போவும்!"

"அப்ப ஒரு டிக்கெட் குடு" என்றார். ஒரு வேப்பிலையைக் கிள்ளிக் கொடுத்தேன். அவர் சிரித்த சிரிப்பில் நானும் சிரித்துவிட்டேன். வாதம் வந்த பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

பிறகு தினமும் அதே விளையாட்டு. பேச்சு கொஞ்சம் பிடிபட்டதும் ஒரு நாள் கேட்டேன்: "ஏன்க்கா... நீ மட்டும்... எடுத்துக் குடுக்கல?"

அக்கா சிலையைக் காட்டினார். "அந்த வாத்தியாரு கையப் பாரு, கட்டிக்கினு குந்தினு கீறாரு. அவுரே புடிச்சி எழுதி வுட்டிருந்தா சாமியாரு எங்க தமிழு பேசறது?"

தினமும் எதிரே உட்கார்ந்தும் எனக்கு அது கண்ணில் படவே இல்லை. உபதேசியார் நிஜமாகவே கையைக் கட்டிக்கொண்டுதான் இருந்தார்.

ஆடிக் கடைசியில் ஓனர் முன் சீட்டில் உட்கார, புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் படியில் நின்று கத்தினேன். அரியாங்குப்பம் வந்தது. தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் வந்தன. அடுத்ததில் உதடு ஒட்டிக்கொண்டது. "பிள்ளையார்குப்பம்பா!" என்று உள்ளேயிருந்து நாலைந்து குரல். டிரைவர் ஹாரன் அடித்தார். நான் கையைத் தூக்கி எல்லாரையும் நிறுத்தினேன். பஸ்ஸே என் வாயைப் பார்த்தது. அக்கா கொடுத்த பழக்கம், நான் அவசரப்படவில்லை.

"பிள்... பிள்ளை... பிள்ளையார்குப்பம்! ஏறு ஏறு ஏறு!"

ஓனர் அதுவரை தானே மாட்டியிருந்த டிக்கெட் தோல்பையைக் கழற்றி என் தோளில் மாட்டினார். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

இப்போதும் சில வார்த்தைகளில் தடுக்கும். போன வாரம் வடநாட்டுக் கட்டட வேலைக்காரத் தம்பி ஒருவன் படியில் நின்று "பில்... பில்லா..." என்று திணறினான். பின்னால் இருந்தவர்கள், "எங்கப்பா போவணும், சீக்கிரம் சொல்லு" என்று சத்தம் போட்டார்கள். நான் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். "பில்லார்குப்பம் போவுமா?" என்று அவன் ஒருவழியாகக் கேட்டு முடித்ததும், "போவும்" என்றேன். அந்த ஒரு சொல்லுக்கு நான் பட்ட பாடு எனக்குத் தெரியும், அதனால் திணறுகிறவன் வாயிலிருந்து வார்த்தையைப் பிடுங்க எனக்கு இன்றுவரை மனசு வருவதில்லை.