காலங்குலம் வெட்டிய கேஸ்கெட்

அந்தத் தையல்காரருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அவருடைய மாமியாருக்கு மட்டும்தான் ஞாபகம் இருந்தது. மற்றவர்களுக்கெல்லாம் அவர் காலங்குலம். சட்டையோ பேன்டோ, தையலுக்கு வழக்கமாக விடுகிற துணிக்கு மேல் இன்னும் கால் அங்குலம் உள்ளே விட்டுத்தான் வெட்டுவார். "மனுஷன் உடம்பு இன்னைக்கு இருக்கிற மாதிரியே நாளைக்கும் இருக்குமா? பிரிச்சு விட இடம் வேணாமா?" என்பார். அவர் வாய் முகூர்த்தமோ என்னவோ, ஒல்லிக்குச்சியாக வந்து கோட்டு தைத்துக்கொண்டு போனவர்கள் அடுத்த வருடமே தொப்பையோடு திரும்பி வந்து அந்தக் கால் அங்குலத்தைக் கேட்டு வாங்கிப் போனார்கள்.

கையில் கத்தரிக்கோல் இருந்தால் காலங்குலம் சிங்கம். ஸ்டியரிங் இருந்தால் பூனையில்கூடச் சேர்த்தி இல்லை. அவருடைய மனைவியோ டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். ஒரே கார், ஒரே டீச்சர். சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேர் அவரிடம் கற்றுக்கொண்டுதான் வண்டி ஓட்டுகிறார்கள். நேற்றுவரை தொட்டிலில் கிடந்த பிள்ளைகள் எல்லாம் லைசென்ஸ் வாங்கிவிட்டார்கள். சொந்தப் புருஷன் மட்டும் மூன்று டெஸ்டிலும் கோட்டை விட்டார்.

தோற்றதுகூட அவரை அவ்வளவு வாட்டவில்லை. டீச்சரின் கால்கள்தான் வாட்டின. கற்றுக்கொடுக்கிற காரில் பக்கத்து சீட்டுக்குக் கீழேயும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. காலங்குலம் வண்டியைக் கிளப்பிய நொடியே டீச்சரின் இரண்டு கால்களும் அந்தப் பெடல்கள்மேல் போய் உட்கார்ந்துவிடும். வீட்டு வாசல் வரும்வரை எழுந்திருக்காது. அதே டீச்சர் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்தால் செருப்பை உதறிவிட்டுச் சம்மணம் போடுவார். வேறு விதமாக உட்காரவே தெரியாது. ஒரே ஒரு நாளாவது தன் பக்கத்தில் அவர் அப்படி உட்கார வேண்டும் என்று காலங்குலம் ஏங்கினார். லைசென்ஸே அதற்காகத்தான்.

"வண்டி தானா பாயுது டீச்சர், நான் ஆக்சிலேட்டரைத் தொடக்கூட இல்ல" என்பார். காருக்குள் அவர் மனைவியை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். ஊருக்கெல்லாம் பாயாத வண்டி உங்களுக்கு மட்டும் பாயுதாக்கும்?"

ஆனால் கூடம் கோணலாகத்தான் இருந்தது. நின்ற இடத்திலேயே இன்ஜின் தலைதெறிக்கச் சுற்றியது. பானெட்டுக்குள்ளிருந்து 'உஸ்ஸ்' என்று ஒரு சீறல். கிழவண்டி, அப்படித்தான் பெருமூச்சு விடும் என்று டீச்சர் விட்டுவிட்டார்.

நாலாவது டெஸ்டுக்கு முந்தைய வாரம் டீச்சர் தங்கை வீட்டுக்குக் கிளம்பினார். "வண்டியைத் துடைச்சு வைங்க. வேற எதையும் தொட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பஸ் தெருமுனை திரும்புவதற்குள் காலங்குலம் பானெட்டைத் திறந்துவிட்டார்.

இஸ்திரி போடும்போது தண்ணீர் தெளிக்கிற பாட்டிலில் சோப்புத் தண்ணீர் கலந்து, சீறல் வருகிற பக்கமாக அடித்தார். மற்ற இடங்களில் ஒன்றும் ஆகவில்லை. ஓர் இணைப்பில் அடித்ததும் சீறல் அடங்கி, இன்ஜின் நல்ல பிள்ளையாக மெதுவாகச் சுற்றியது. ஈரம் போனதும் பழையபடி சீறியது. "மாட்டினியா!" என்று தனியாக நின்று கைதட்டினார். எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

இன்ஜினுக்குக் காற்றை நாலாகப் பிரித்துக் கொடுக்கிற குழாய்க்கூட்டம் அது. இன்டேக் மேனிஃபோல்ட் என்பார்கள். காலங்குலத்தின் கண்ணுக்கு அது நாலு கால் உள்ள ஒருவனுக்குத் தைத்த பேன்ட் மாதிரி இருந்தது. அது இன்ஜினோடு சேருகிற இடத்தில் இடுக்கை அடைக்கிற அட்டை, கேஸ்கெட், கிழிந்து, வேண்டாத காற்று உள்ளே புகுந்தது. பேன்டில் தையல் விட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதானே என்றார். இந்த 'அவ்வளவுதானே' எத்தனை குடும்பங்களை நடுத்தெருவில் நிறுத்தியிருக்கிறது என்று அவருக்கு யார் சொல்வது?

பேட்டரி வயரைக் கழற்றினார். ஏர் ஃபில்டரை எடுத்தார். ஒவ்வொரு ரப்பர் குழாயைக் கழற்றும்போதும் அதன் இரண்டு முனையிலும் ஒரே நிறத்தில் நூல் கட்டினார். சிவப்புக்குச் சிவப்பு, ஊதாவுக்கு ஊதா. இன்ஜின் கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. அடியில் ஒளிந்திருந்த கடைசி போல்ட் கண்ணுக்குத் தெரியவில்லை. கையை விட்டுத் தடவித் தடவி, முட்டியெல்லாம் தோலுரிந்து, அதன் ஏழு தலைமுறையையும் வைதபிறகு அது மனமிரங்கியது. மேனிஃபோல்ட் பட்டென்று கையோடு வர, அதை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். இன்ஜினின் நாலு ஓட்டைக்குள்ளும் தூசி போகாமல் பூப்போட்ட துணியைத் திணித்து, ஒட்டியிருந்த பழைய கேஸ்கெட்டை மேலும் கிழியாமல் பெயர்த்து எடுத்தார்.

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். "இந்த மாடலுக்கா? சொல்லி வச்சாதான் வரும். அவசரம்னா கேஸ்கெட் ஷீட் தரேன், நீங்களே வெட்டிக்குங்க."

"வெட்டிக்கணுமா? யாரைப் பார்த்து என்ன வார்த்தை சொல்லிட்டீங்க!" என்று காலங்குலம் ஷீட்டைச் சுருட்டிக்கொண்டு ஓட்டமாக வந்தார்.

பழைய கேஸ்கெட்டை அளவுச் சட்டை மாதிரி விரித்து வைத்தார். சாக்பீஸால் கோடு போட்டார். அதற்கப்புறம் வேலையைக் கை பார்த்துக்கொண்டது. காலங்குலம் விசில் அடித்துக்கொண்டிருந்தார். மேனிஃபோல்டைப் பொருத்தும்போது, காலர் வைப்பதுபோலவே, நடுவில் ஆரம்பித்து ஓரத்துக்குப் போய்க் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினார். பூப்போட்ட துணி நாலையும் முன்பே எடுத்தாயிற்றா என்று இரண்டு தரம் எண்ணிப் பார்த்தார். சாவியைத் திருப்பினார். சீறல் இல்லை. காலங்குலத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

ஊரிலிருந்து திரும்பிய டீச்சர் பானெட்டில் காதை வைத்துக் கேட்டார். "நிஜமாவே கூடம்தான் கோணலா இருந்திருக்கு. ஒத்துக்கறேன்" என்றார். ஆனால் வண்டி கிளம்பியதும் கால்கள் பெடல்மேல் போய் உட்கார்ந்தன.

டெஸ்ட் நாள். கண்டிப்புக்குப் பேர்போன அதிகாரி பக்கத்தில் ஏறினார். வண்டி பாயவில்லை, துள்ளவில்லை. எண்ணெய் வழிவதுபோல் நகர்ந்தது. நேர்ச்சாலையில் அதிகாரி, "கொஞ்சம் வேகமா போகலாமே" என்றார். காலங்குலம் ஆக்சிலேட்டரைத் தரையோடு அழுத்தினார். வண்டி அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. ஒரு சைக்கிள்காரர் முந்திப் போனார்.

"என் சர்வீஸ்ல இவ்வளவு நிதானமான ஆளைப் பார்த்ததில்ல" என்று நெகிழ்ந்துபோய் அதிகாரி பாஸ் போட்டார்.

திரும்பும் வழியில் டீச்சர் பக்கத்தில் இருந்தார். சின்ன மேடு ஒன்றில் வண்டி முக்கியது.

"ஏங்க, அழுத்துங்க."

"அழுத்திட்டுதான் இருக்கேன் டீச்சர்."

"இன்னும் கொஞ்சம்."

"இன்னும் அழுத்தினா கால் ரோட்டுல பட்டுடும்."

வீடு வந்ததும் டீச்சர் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு நின்றார். "கழட்டுங்க."

சிவப்பு நூல், ஊதா நூல், ஒளிந்திருக்கும் போல்ட், எல்லாம் மறுபடியும். மேனிஃபோல்ட் வெளியே வந்தது. டீச்சர் கேஸ்கெட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். இன்ஜினின் ஓட்டை ஒரு அளவு; கேஸ்கெட்டின் ஓட்டை அதைவிடச் சின்னது. நாலு ஓட்டையிலும் சுற்றிலும் ஒரு விளிம்பு உள்ளே நீட்டி, காற்றை வழிமறித்துக்கொண்டிருந்தது.

"இது என்னங்க?"

காலங்குலம் பார்த்தார். நாக்கைக் கடித்துக்கொண்டார். "தையலுக்கு விட்டிருக்கேன்."

"இன்ஜினுக்கா?"

"கை பழக்கம்மா... நாளைக்குப் பெருசானா..."

"எது? இன்ஜினுக்குத் தொப்பை போடுமா?" என்று கேட்டவர் மேலே பேச முடியாமல் சிரித்துச் சிரித்து வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

காலங்குலம் சிரிக்கவில்லை. "அப்போ பாஸானது நான் இல்ல. மூச்சு முட்டின வண்டிதான் பாஸாயிருக்கு" என்றார்.

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்க் கத்தரிக்கோலைக் கொண்டுவந்து நீட்டினார். "அதிகமா வெட்டியிருந்தா குப்பைக்குத்தான் போயிருக்கும். இது ஆல்டரேஷன்தானே? உங்களுக்குத் தெரியாததா?"

காலங்குலம் அந்தக் கால் அங்குலத்தைச் சுற்றிலும் நறுக்கி எடுத்தார். பொருத்தி முடுக்கிச் சாவியைத் திருப்பியபோது வண்டி சீறவும் இல்லை, மூச்சு முட்டவும் இல்லை. "ஏறுங்க, ஒரு சுத்து போயிட்டு வரலாம்" என்றார் டீச்சர். கால்கள் வழக்கம்போல் பெடல்மேல்.

பெரிய மேட்டில் சிக்னல் விழுந்தது. பின்னால் ஒட்டினாற்போல் ஒரு லாரி. காலங்குலத்துக்கு வேர்த்தது. பச்சை விழுந்தது. கிளட்சை மெல்ல விட்டு, வண்டி இழுக்கிற இடத்தைக் காலால் கண்டுபிடித்து, ஹேண்ட் பிரேக்கை இறக்கினார். ஒரு விரற்கடைகூடப் பின்னால் உருளாமல் வண்டி மேலே ஏறியது. இந்த முறை வண்டி முழுப் பலத்தோடு இருந்தது, ஓட்டியது அவர்தான்.

மேடு தாண்டிச் சமதரையில் அடுத்த சிக்னலுக்குக் காத்திருந்தபோது பக்கத்தில் பொத், பொத் என்று இரண்டு செருப்புகள் விழுந்தன. காலங்குலம் திரும்பிப் பார்த்தார். டீச்சர் சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

பார்த்த சந்தோஷத்தில் காலங்குலம் கிளட்சிலிருந்து காலை எடுத்துவிட்டார். வண்டி ஒரு குலுக்கு குலுக்கி அணைந்தது. சிக்னல் பச்சையானது. பின்னால் இருந்த அத்தனை வண்டிகளும் ஹாரன் அடித்துக் காதைக் கிழித்தன.

"அவங்க கிடக்கறாங்க, மெதுவா ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார் டீச்சர். மடக்கிய காலைக் கீழே இறக்கவில்லை.