பாதித் தையலில் நிற்காத சைக்கிள்

தையல்காரர் சைக்கிளிலேயே நாட்டின் கடைசி முனை வரை போய்வரப் போகிறாராம்! கேட்டவர்கள் முதலில் அவருடைய தொப்பையைப் பார்த்தார்கள், அப்புறம் முகத்தைப் பார்த்தார்கள். அவர் அசரவே இல்லை. "பாதி ஆயுசு மெஷின் மிதிச்ச காலுங்க இது. சைக்கிளெல்லாம் நமக்கு ஜுஜுபி" என்றார்.

ஏற்பாடென்றால் அப்படியொரு ஏற்பாடு. கேரியருக்கு நான்கு பைகள் தைத்தார். பைக்குள் பை, அதற்குள் ஒரு குட்டிப் பை. மழைக்கோட்டு அவருக்கு ஒன்று, சீட்டுக்கு ஒன்று, மணிக்குக்கூட ஒன்று. பஞ்சர் ஒட்டவும் பழகிக்கொள்ளுங்கள் என்று சைக்கிள் கடைக்காரர் பழைய டியூப் ஒன்றைக் கொடுத்தனுப்பினார். இவர் ஓட்டையின்மேல் துணி வைத்து, இரண்டு வரிசை தையல் போட்டுக் கொண்டுபோய் நீட்டினார். கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஏங்க, இந்த வயசுல எதுக்கு வேண்டாத வேலை?" என்றாள் மனைவி.

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "இத்தனை வருஷமா மிதிக்கிறேனே, ஒரு அடி நகர்ந்திருக்கேனா சொல்லு! உக்காந்த இடத்துலயே என் காலம் முடிஞ்சிடுமோன்னு பயமா இருக்குடி."

மறுநாளே அவள் தன் தம்பியை வரவழைத்துக் கடையை ஒப்படைத்தாள்.

ஒத்திகைக்குச் சைக்கிளை வெளியே எடுத்தபோதுதான் வந்தது வினை. கால்கள் என்னவோ பிரமாதமாகத்தான் மிதித்தன. ஆனால் கழுத்து, மெஷின்முன் குனிந்தே பழகிய கழுத்தாயிற்றே, நிமிர மாட்டேனென்று அடம்பிடித்தது. கண் முன்சக்கரத்தை விட்டு நகரவில்லை. நிறுத்த வேண்டுமென்றால் வலதுகை பிரேக்கை விட்டுவிட்டு, மெஷினைப் பிடித்து நிறுத்தும் இல்லாத கைச்சக்கரத்தைத் தேடிக் காற்றில் துழாவியது. முதல் நாள் சைக்கிளோடு மருந்துக்கடைப் படியேறினார். மறுநாள் நின்றுகொண்டிருந்த லாரியில் முட்டி, அதனிடமே மன்னிப்புக் கேட்டார். தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"நிமிர்ந்து பாருங்க மாமா!" என்று பின்னாலேயே ஓடி ஓடி மச்சினனுக்குத் தொண்டை கட்டிப்போனது.

"நிமிர்ந்தா சைக்கிள் கோணலா போகுதுடா. நான் போகலடா சாமி. பையையெல்லாம் பிரிச்சுடு." சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

மச்சினனுக்கு மனசு கேட்கவில்லை. "பெரிய ரோட்டோரமா வெள்ளைக்கோடு போட்டிருக்காங்க மாமா. துணியில போடுற சாக்பீஸ் கோடுன்னு நினைச்சுக்கிட்டு அது மேலயே விடுங்க."

மறுநாள் காலை, பைகளை வீட்டிலேயே போட்டுவிட்டு, சும்மா ஒரு முறை பார்க்கலாமென்று போனார்கள். சக்கரம் கோட்டில் ஏறியதுதான் தாமதம், ஆளே மாறிவிட்டார். அங்கே இங்கே பிசகாமல் பறந்தார். "போதும் மாமா, திரும்புங்க!" என்று மச்சினன் கத்தினான். பாதித் தையலில் எந்தத் தையல்காரராவது மெஷினை நிறுத்துவாரா? ஓடிக் களைத்த மச்சினன் தனியாக வீடு திரும்பி, "அக்கா, மாமா நிக்கவே இல்லக்கா" என்றான்.

சாயங்காலம் போன் வந்தது.

"எங்கதாங்க இருக்கீங்க? மாத்துத்துணி இல்ல, ஒண்ணுமில்ல! எப்படி நிறுத்தினீங்க?"

"மேடு வந்துச்சு, தானா நின்னுடுச்சு. இங்க கோடும் அழிஞ்சு போச்சு. வேற வழியில்லாம நிமிர்ந்து பார்த்தேன்." அவர் குரல் உடைந்தது. "திரும்பிப் பார்த்தா நம்ம ஊரே கண்ணுக்குத் தெரியலடி. அவ்வளவு தூரம் நகர்ந்துட்டேன்!"

திட்டித் தீர்க்கவென்று காத்திருந்தவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அங்கயே இருங்க. பையைத் தம்பிகிட்ட பஸ்ல குடுத்தனுப்புறேன். பாதியில திரும்பி வந்து வாசல்ல நின்னீங்க, அப்புறம் நடக்கிறதே வேற!"