பிரைட்டுக்குத் திரும்பிய மாலை பஸ்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், ஆவி என்று யாராவது கதை எடுத்தால் எழும்பிப் போய்த் தேத்தண்ணி போடுகிற ஆள் நான். படித்தது எஞ்சினியரிங், செய்தது பாலங்களுக்குக் கணக்குப் பார்க்கிற உத்தியோகம், கோயிலுக்குப் போனாலும் பாதி நேரம் கூரை வளை சரியாகப் போட்டிருக்கிறதா என்றுதான் பார்ப்பேன். அதனால் இனிச் சொல்லப்போவதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபம் வராது. உங்கள் இடத்தில் நான் இருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பேன். ஆனால் நடந்தது நடந்ததுதான், அதுவும் இருட்டுக்குள் அல்ல, ஆளுக்கு ஆள் முகம் தெரிகிற வெளிச்சத்தில்.

எழுபதுகளின் பிற்பகுதி அது. மெல்பேர்ணில் மல்கிரேவ் பக்கம் வாடகை வீட்டில் இருந்தோம், நானும் என் மனைவி ரஞ்சியும். அந்த வட்டாரத்தில் தமிழ்ச் சத்தம் கேட்க வேண்டுமென்றால் நாங்கள் இரண்டு பேரும் சண்டை பிடித்தால்தான் உண்டு. ஊரிலிருந்து வந்த அடுத்த வருடம் எங்களுக்கு ஒரு பிள்ளை பிறந்தது, உயிரில்லாமல். அந்தக் காலத்து ஆஸ்பத்திரிகளில் அப்படியான பிள்ளையைத் தாய்க்குக் காட்ட மாட்டார்கள், காட்டினால் மனம் உடைந்துவிடும் என்று ஒரு நினைப்பு. ரஞ்சி மயக்கத்தில் கிடந்தபோதே துணியில் சுற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். எங்கே புதைத்தார்கள் என்றுகூட எங்களுக்குத் தெரியாது. கண் விழித்ததும் அவள் என்னிடம் கேட்டது ஒரேயொரு கேள்விதான்.

“ஆம்பிளைப் பிள்ளையோ, பொம்பிளைப் பிள்ளையோ?”

எனக்குத் தெரியவில்லை. நர்ஸைக் கேட்டேன், மறந்துவிடுங்கள், அதுதான் இரண்டு பேருக்கும் நல்லது என்றாள். டாக்டரும் அதையே சொன்னார். பிறகு வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ரெலிபோன் எடுத்துக் கேட்டேன், அங்கேயும் அதே பதில், அவ்வளவு இரக்கமான குரலில் சொன்னார்கள் என்றால் திருப்பி ஏசக்கூட முடியவில்லை. ரஞ்சி அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை. ஆனால் அவளுக்கு அது தெரிய வேண்டும், அது தெரியாமல் அவளால் ஒழுங்காக அழக்கூட முடியாது என்பது எனக்கு விளங்கியது. என்ன பெயரைச் சொல்லி அழுவது, சொல்லுங்கள் பார்ப்போம்? சாப்பிடுவாள், வேலைக்குப் போவாள், கேட்டால் ஓம், இல்லை என்பாள், அவ்வளவுதான்.

தெரிந்தவர்கள் நடக்கச் சொன்னார்கள், நல்ல காற்றுப் பட்டால் மனம் தேறும் என்று. ஆல்ப்ஸ் என்றதும் உங்களுக்குச் சுவிற்சர்லாந்துதான் ஞாபகம் வரும், ஆனால் மெல்பேர்ண் இருக்கிற விக்டோரியா மாநிலத்திலும் ஆல்ப்ஸ் என்றொரு மலைத்தொடர் இருக்கிறது, பனியும் கொட்டும். என்னிடம் கார் இல்லை, ஓட்டவும் தெரியாது. அதற்கென்ன, பஸ் போகிற மலையெல்லாம் எங்கள் மலை என்று நேர அட்டவணையை வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். காலை பஸ்ஸில் ஏறுவது, பகல் முழுக்க நடப்பது, மாலை பஸ்ஸில் இறங்குவது. ரஞ்சியும் மறுப்புச் சொல்லாமல் வருவாள், எனக்காகத்தான் வந்தாளோ என்னவோ.

அப்படித்தான் ஒரு இலையுதிர் காலத்தில் பிரைட் என்ற சின்ன ஊருக்குப் போய் ஒரு விடுதியில் தங்கினோம். பிள்ளை போய் அப்போது மூன்று வருடம். பிரைட்டிலிருந்து மேலே மலைச் சமவெளிக்கு ஒரு பஸ் போய்வரும். டிரைவர் ஒரு பெருத்த மனிதன், நரைத்த மீசை, பேச்சு அதிகமில்லை. அவனிடம் ஒரு பழக்கம் இருந்தது. காலையில் மலையில் இறக்கிவிட்ட ஆட்கள் எல்லாரும் மாலையில் வந்து ஏறினால்தான் பஸ்ஸை எடுப்பான். மூடுபனி இறங்கினால் அங்கே வழி தவறிவிடும், அதனால் அவனாகவே போட்டுக்கொண்ட சட்டம் அது என்று விடுதிக்காரி சொன்னாள். நல்ல மனிதன் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு மேலே நல்ல வெயில், ஆனால் குளிர். வீட்டளவு பெரிய பாறைகள், வளைந்து நெளிந்த வெள்ளை மரங்கள், காலடியில் கோரைப் புல். பாண் துண்டுகளுக்கு நடுவே முட்டைப் பொரியலும் சம்பலும் வைத்துக் கொண்டு போயிருந்தோம், ஒரு பாறையில் ஏறி இருந்து சாப்பிட்டோம். ரஞ்சி அன்று வழக்கத்தைவிட மெதுவாக நடந்தாள், அடிக்கடி நின்று நின்று பின்னால் பார்த்தாள்.

“கால் நோகுதோ?” என்று கேட்டேன்.

“இல்லை. சும்மா.”

பொழுது சாயும் நேரம் பஸ்ஸுக்கு வந்தோம். மேலே சில நாள் தங்கிவிட்டுக் கீழே போகிற ஒரு வயதான வெள்ளைக்காரத் தம்பதி முன் சீற்றில் இருந்தார்கள். நாங்கள் ஏறி இருந்தோம். பஸ் புறப்படவில்லை. டிரைவர் திரும்பி எங்களைப் பார்த்தான், பிறகு வெளியே பார்த்தான், பிறகும் எங்களைப் பார்த்தான்.

“உங்கள் மகள் எங்கே?” என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை, வேறு யாரையோ நினைக்கிறாய் என்றேன். அவன் இல்லை என்று தலையை ஆட்டினான். காலையில் உங்கள் பின்னால்தானே ஏறினாள், மேலே வரும்வரை உங்கள் மனைவியின் பக்கத்தில்தானே இருந்தாள் என்றான். எனக்குக் கோபம் ஏறிவிட்டது. விளையாடுகிறாயா, எங்களைப் பார்த்தால் உனக்குப் பகிடியாக இருக்கிறதா என்று சத்தம் போட்டேன். அவன் கோபப்படவில்லை, அதுதான் என்னை உலுக்கியது. அவன் முகத்தில் பயம் இருந்தது, ஒரு சின்னப் பிள்ளையை மலையில் விட்டுவிட்டு வந்த தாய் தகப்பனைப் பார்க்கிற பயம். எஞ்சினை நிறுத்தினான். நீங்கள் தேடாவிட்டால் நான் போய்க் காட்டிலாகா ஆட்களைக் கூப்பிடுகிறேன், இருட்டினால் பிள்ளை குளிரில் செத்துப்போகும் என்று எழும்பினான். முன் சீற்றுத் தம்பதி என்னைக் கொலைகாரனைப் போலப் பார்த்தார்கள். அவர்கள் காலையில் எங்களோடு வந்தவர்கள் அல்ல, அவர்களைச் சாட்சிக்குக் கூப்பிடவும் வழியில்லை.

நான் திரும்பவும் வாயைத் திறக்க, ரஞ்சி என் கையைப் பிடித்தாள்.

“நீங்கள் கொஞ்சம் பேசாமல் இருங்கோ.”

பிறகு டிரைவரைப் பார்த்து, மெதுவாக, அவளுடைய திருத்தமான ஆங்கிலத்தில் கேட்டாள், “பெண் பிள்ளையா?”

அவனுக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. ஆமாம், பெண் பிள்ளை, மூன்று வயது இருக்கும், உங்களுடைய மூக்கு, காலில் சப்பாத்து இல்லை, இந்தக் குளிரில் இப்படிக் கூட்டி வந்திருக்கிறார்களே என்று சொல்ல நினைத்தேன் என்றான்.

ரஞ்சி எழும்பினாள். பஸ்ஸை விட்டு இறங்கி, மரங்களுக்கு முன்னால் போய் நின்றாள். அழப் போகிறாள், ஓடப் போகிறாள், மயங்கி விழப் போகிறாள் என்று நினைத்து நான் வாசலுக்கு ஓடினேன். அவள் இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு, விளையாடப் போன பிள்ளையைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிற தாய் மாதிரிக் கூப்பிட்டாள்.

“மோள்! எவ்வளவு நேரமாப் பாத்துக்கொண்டு இருக்கிறம். விளையாடினது காணும், வா குஞ்சு. பஸ் போகப்போகுது.”

சத்தியமாகச் சொல்கிறேன், அங்கே ஒன்றும் இல்லை. ஒரு இலைகூட அசையவில்லை. கொஞ்ச நேரம் அவள் நின்றாள், பிறகு திரும்பி நடந்து வந்து ஏறினாள். டிரைவர் படியைப் பார்த்தான், பெரிய மூச்சு விட்டான், முகம் மலர்ந்தது. “நல்ல பிள்ளை” என்று சொல்லிக் கதவை மூடிப் பஸ்ஸை எடுத்தான். ரஞ்சி எனக்குப் பின்னால் இருந்த சீற்றில் போய் இருந்தாள், யன்னல் பக்கத்தை விட்டுவிட்டு. வளைவுகள் நிறைந்த அந்த மலைப் பாதை முழுக்க அவள் மெல்லிய குரலில் ஏதோ கதைத்துக்கொண்டு வந்தாள். என்னவென்று நான் காது கொடுக்கவில்லை. அது எனக்கான கதை அல்ல என்று பட்டது. எனக்குப் பயமும் இல்லை, நம்புங்கள், அப்படியொரு அமைதி அந்தப் பஸ்ஸுக்குள்.

மறுநாள் காலை நான் மட்டும் பஸ் நிற்கிற இடத்துக்குப் போனேன், அவனிடம் குடிவாடை ஏதும் அடிக்கிறதா என்று பார்க்கலாம் என்று. சவரம் செய்த முகத்தோடு கண்ணாடி துடைத்துக்கொண்டு நின்றான். “சின்னவளுக்குச் சளி பிடிக்கவில்லையே?” என்று கேட்டான். இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மலையிலிருந்து இறங்கிய அன்றைக்கு ரஞ்சி இரவு முழுக்க அழுதாள், மூன்று வருடத்து அழுகையையும் சேர்த்து, ஒரு பெயரைச் சொல்லிச் சொல்லி. அந்தப் பெயரை நான் இங்கே சொல்லமாட்டேன். அதன்பிறகு அவள் பழைய ரஞ்சியாக ஆகிவிட்டாள், என்னோடு சண்டையும் பிடித்தாள். பிறகு எங்களுக்கு இரண்டு மகன்கள் பிறந்தார்கள். இப்போது சிட்னியில் டூங்கபியில் மூத்த மகனோடு இருக்கிறோம். இங்கே யாராவது, “அன்ரி, உங்களுக்கு எத்தினை பிள்ளையள்?” என்று கேட்டால், “மூண்டு. மூத்தது பொம்பிளைப் பிள்ளை” என்பாள், தயங்காமல். மகன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். நான் எழும்பிப் போய்த் தேத்தண்ணி போடுவேன்.

டிரைவருக்குக் கண்ணில் கோளாறு, தற்செயலாக எங்கள் புண்ணில் கை பட்டுவிட்டது, ரஞ்சிக்கு அது மருந்தாகிவிட்டது. இப்படித்தான் எனக்கு நானே விளக்கம் சொல்லி வைத்திருக்கிறேன், கணக்கும் ஓரளவு சரியாக வருகிறது. ஒன்றைத் தவிர.

அன்று மாலை பிரைட்டில் பஸ் நின்றதும் நான்தான் முதலில் இறங்கினேன். அந்தப் பஸ்ஸின் கடைசிப் படி நல்ல உயரம். டிரைவர் தன் இருக்கையை விட்டு எழும்பி வந்து, குனிந்து, இரண்டு கையாலும் தூக்கி, வாசலால் என்னிடம் நீட்டினான். நான் கையை நீட்டி வாங்கினேன். என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆனால் வாங்கினேன். ரஞ்சி இரண்டு பையையும் தன் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள். விடுதிக் கேற்றை அவள்தான் திறந்து பிடித்தாள், நான் திறக்கவில்லை, என் கை சும்மா இருக்கவில்லை.

வாங்கியது இன்றைக்கும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. எங்கே இறக்கி விட்டேன் என்பதுதான், எவ்வளவு யோசித்தாலும், ஞாபகம் இல்லை.