அத்தாயி வாய்க்கு வந்த விடுமுறை

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். மலைமேல் அரியூர் நாட்டு அத்தாயிக்கு இருந்த வாய், அவளையும் அவள் கணவர் அர்த்தனாரியையும் சேர்த்தே பிழைக்க வைத்தது. கல்யாணமான நாள் முதல் அவருக்கான பதிலையெல்லாம் அவள்தான் சொல்லிவந்தாள். "சாப்பிட்டீங்களா?" என்று யாராவது அவரைக் கேட்டால், "ஆச்சுங்க, களியும் கீரையும்" என்று அடுப்படியிலிருந்து பதில் வரும். மனுஷனுக்குத் தலையாட்டுகிற வேலை மட்டும்தான் மிச்சம்.

போன தை மாதம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. அடிவாரத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட கேள்விக்கெல்லாம் அத்தாயியே பதில் சொன்னாள். எங்கே வலிக்கிறது என்பது உட்பட. கைக்கு மருந்து வாங்கிக்கொண்டு மலையேறினார்கள்.

ஒருநாள் அவள் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நேரத்தில் மிளகு வியாபாரி ஜாபர் அலி வந்தார். அர்த்தனாரியிடம் ஏதோ கேட்டார். அவர் வாயைத் திறந்தார், முக்கினார், கண் கலங்கினார். அத்தாயி திரும்பி வந்ததும் ஜாபர் அலி மெதுவாகச் சொன்னார்.

"அக்கா, அண்ணனுக்குப் பேச்சு வரலீங்களே."

"எப்ப இருந்துங்க பாய்?" என்று கேட்டாள் கூடவே குடித்தனம் நடத்துகிற மகராசி. கேட்டபிறகுதான் அவளுக்கு நெஞ்சு பதறியது.

பேச்சுப் பயிற்சி கொடுக்க நாசியா என்ற பெண் வாரம் ஒருமுறை மலைக்கு வந்துபோவாள். அவளிடம் அத்தாயி அவரை அழைத்துப் போனாள். நாசியா ஒரு டம்ளரைக் காட்டினாள்.

"அய்யா, இது என்னங்க?"

"டம்ளருங்க கண்ணு" என்றாள் அத்தாயி.

சீப்பைக் காட்டினாள். அதற்கும் அத்தாயியிடமிருந்து சரியான பதில் வந்தது.

"உங்களுக்குப் பேச்சு நல்லாவே வருதுங்கம்மா" என்றாள் நாசியா. "அய்யாவுக்குத்தான் வரோணும். சொல்லுறது அவர் மனசுல இருக்குது, தேடி எடுக்க நேரமாவும். நடுவுல நீங்க எடுத்துக் குடுத்தா, தேடறதையே விட்டுருவாரு. அப்புறம் கஷ்டங்க."

ஆக, பயிற்சி அர்த்தனாரிக்கு, பத்தியம் அத்தாயிக்கு. கஷாயமென்றால் கண்ணை மூடிக் குடித்திருப்பாள். சும்மா இருப்பதை எப்படிக் குடிப்பது? யாராவது அவரிடம் பேச வந்தால் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். அத்தாயிக்குப் பேய் பிடித்துவிட்டதென்று ஊர் பேசிக்கொண்டது. அதற்குக்கூடப் பதில் சொல்ல முடியாமல் வெந்தாள். அதைவிட, இத்தனை வருஷம் அவர் குரலைத் தானே விழுங்கிவிட்டோமோ என்ற பயம் அவளைத் தின்றது.

ஜாபர் அலி மறுபடியும் வந்தார். வேண்டுமென்றே அர்த்தனாரியின் எதிரே உட்கார்ந்தார்.

"மிளகு காஞ்சிருச்சுங்களா அண்ணே?"

"கா... கா..." அர்த்தனாரியின் கழுத்து நரம்பு புடைத்தது. ஜாபர் அலி காத்திருந்தார். அத்தாயியும் காத்திருந்தாள், அவளால் முடிந்தவரைக்கும்.

"காஞ்சிரு..." என்று முந்தானையை மீறி வந்துவிட்டது.

அர்த்தனாரியின் இடது கை உயர்ந்தது.

"சும்மா இரு புள்ள!"

தெளிவாக, முழுசாக வந்தது. அவளிடம் அப்படிச் சொல்லிவிட்டு முழுசாகத் திரும்பியவர் அந்த நாட்டிலேயே கிடையாது. ஜாபர் அலி செருப்பைத் தேடினார்.

அத்தாயி கணவரின் காலடியில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

"இன்னொருக்கா திட்டுங்க சாமி."