பழத்துக்கு ஒரு அலகு

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தெருமுனை வரை நடந்தாலே மூச்சு வாங்கும் நான், மலையேறப் போவதாகச் சொல்லி மகளையும் இழுத்துக்கொண்டு போய், சிவாஜிநகர் கடையில் ஒரு மணி நேரமாக மடக்குக் கத்தி பொறுக்கிக்கொண்டிருந்தேன். ரம்பம், கத்தரி, ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் ஒன்றுக்குள்ளேயே மடங்கிக் கிடந்தன. கடைக்காரர் அலகை 'டக்'கென்று விரித்தார்.

அது அப்பாவின் கத்திச் சத்தம். ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டில், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் வாசற்படியில் உட்கார்ந்து கால் ஆணியைச் சீவுவார். தோல் மெழுகு மாதிரி சுருள் சுருளாக விழும். பிறகு அலகை லுங்கியில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, அதே கத்தியால் எங்களுக்குக் கொய்யாப்பழம் நறுக்குவார்.

"தின்னுடா, என்னா முழிக்கிற?"

துண்டில் ஒட்டியிருக்கும் வெள்ளைத் துணுக்கு கொய்யாவா, அப்பாவா என்று தெரியாது. கன்னத்தில் அதக்கிக்கொண்டு போய் குரோட்டன்ஸ் தொட்டியில் துப்புவேன். எங்கள் வீட்டில் என்னைவிடக் கொழுத்து வளர்ந்தது அந்தச் செடிதான்.

என் மகள் என் கையால் வாங்கித் தின்ன ஒருநாளும் முகம் சுளிக்கக் கூடாது. கடைக்காரரிடம் கறாராகச் சொன்னேன்: "பாய், ரெண்டு பிளேடு இருக்கிறதா குடுங்க. பெருசு பழத்துக்கு மட்டும்."

வீட்டுக்கு வந்ததும் பெரிய அலகை விரித்து, கொய்யாவை நறுக்கி, பெருமையாக அவளிடம் நீட்டினேன். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வர்றப்ப பஸ்ல அதாலதான கால் நகத்த நோண்டினீங்க, டாடி."